இரண்டாம் உலகப் போருக்கு அப்புறம் பிரிட்டன்: அடிக்கடி கேக்குற கேள்விகளும் பதில்களும்

யூபிஎஸ்சி மெயின்ஸுக்கு உலக வரலாறு படிக்கிறவங்க, மேல்படிப்புக்கு இங்கிலாந்து கிளம்புறவங்க, சும்மா ஆர்வத்துல படிக்கிறவங்கன்னு பல பேர்கிட்ட இருந்து ஒரே டவுட்டுங்க வந்துட்டே இருக்கு, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா டைப் பண்றதுக்குப் பதிலா எல்லாத்தையும் ஒரே இடத்துல போட்டுடலாம்னுதான் இது. கேள்விங்களை அவங்க கேட்ட மாதிரியே விட்டிருக்கேன். வரிசையா படிச்சா நல்லது, ஏன்னா பின்னாடி வர்ற பல பதில்ங்க முன்னாடி சொன்னதை வச்சுத்தான் போகுது.

போர்ல ஜெயிச்சுக் கொடுத்த சர்ச்சிலையே ரெண்டு மாசத்துல தோக்கடிச்சுட்டாங்களே, அந்த ஜனங்களுக்கு நன்றியே இல்லையா?

நன்றி இருந்துச்சு, பிரசாரத்துக்கு அவர் போன இடமெல்லாம் கூட்டம் கூடி கை தட்டுனாங்க. ஆனா 1945 ஜூலை 5-ம் தேதி ஓட்டுப் போடப் போனவங்க மனசுல இருந்தது போர் இல்ல, போருக்கு முன்னாடி 1930-கள்ல பட்ட பாடு. கப்பல் கட்டுற தளம் மூடிப்போய் ஊரே வேலை இல்லாம கிடந்த ஜாரோ-ல இருந்து 1936-ல சுமார் 200 பேர் லண்டன் வரைக்கும் நடந்தே போய் மனு கொடுத்தாங்க, ஒண்ணும் நடக்கல. அந்த காலத்துல ஆட்சில கை ஓங்கி இருந்தது கன்சர்வேட்டிவ் கட்சிதான். போர்க்காலத்துல மட்டும் எல்லாருக்கும் வேலை, எல்லாருக்கும் ஒரே ரேஷன்னு அரசாங்கத்தால செய்ய முடிஞ்சுது இல்லையா, அப்போ அமைதி காலத்துல ஏன் முடியாதுன்னு ஜனங்க கேட்டாங்க.

அதோட சர்ச்சில் ஒரு ரேடியோ பேச்சுல, லேபர் (தொழிலாளர் கட்சி) ஆட்சிக்கு வந்தா ஒரு மாதிரி கெஸ்டபோ, அதாவது ஹிட்லரோட ரகசியப் போலீஸ் மாதிரி வச்சுத்தான் ஆளணும்னு பேசிட்டார். அஞ்சு வருஷம் அவர் கேபினெட்லயே இருந்து, 1942-ல இருந்து துணைப் பிரதமராவும் இருந்த லேபர் தலைவர் ஆட்லியோட கட்சியைப் பத்தி இப்படிச் சொன்னது யாருக்கும் ரசிக்கல. வெளிநாட்டுல இருந்த சிப்பாய்ங்க ஓட்டு வந்து சேர்றதுக்காக காத்திருந்து ஜூலை 26-ம் தேதி முடிவு சொன்னாங்க. 640 சீட்ல லேபர் 393, ஆட்லி பிரதமர் ஆனார்.

பெவரிட்ஜ் ரிப்போர்ட்னு எல்லா புக்லயும் வருதே, அது சட்டமா? லேபர் கட்சி எழுதினதா?

ரெண்டுமே இல்ல. வில்லியம் பெவரிட்ஜ் லிபரல் கட்சி பக்கம் சாய்ந்தவர், 1942 டிசம்பர்ல, போர் நடந்துட்டு இருக்கும்போதே கொடுத்த அறிக்கை அது. வறுமை, நோய், அறியாமை, அழுக்கான குடியிருப்பு, வேலையில்லாமை, இந்த அஞ்சும்தான் நாட்டை வழிமறிச்சு நிக்கிற அரக்கர்கள்னு எழுதினார். அரசாங்க அறிக்கையை காசு கொடுத்து வாங்க ஜனங்க வரிசைல நின்னாங்க, லட்சக்கணக்குல வித்துச்சு. அதை 1945-க்கு அப்புறம் சட்டமா மாத்துனதுதான் ஆட்லி அரசு: 1946-ல தேசிய இன்சூரன்ஸ் சட்டம், 1948-ல என்ஹெச்எஸ் (எல்லாருக்கும் இலவச வைத்தியம் தர்ற தேசிய சுகாதார சேவை). ரெண்டாவது குழந்தைல இருந்து வாரம் 5 ஷில்லிங் கொடுக்கிற குடும்பப்படி சட்டம் மட்டும் 1945 தேர்தலுக்கு முன்னாடியே பாஸ் ஆயிடுச்சு.

நாடே கடன்ல மூழ்கிக் கிடந்துச்சுன்னும் சொல்றீங்க, எல்லாருக்கும் ஃப்ரீ வைத்தியம்னும் சொல்றீங்க. காசு எங்கிருந்து வந்துச்சு?

நான் இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததே முக்கியமா இந்தக் கேள்விக்காகத்தான். 1945 ஆகஸ்ட்ல போர்க்காலத்துல உடனே காசு கேக்காம பொருள் கொடுத்துட்டு இருந்த லெண்ட்-லீஸ் உதவியை அமெரிக்கா சட்டுனு நிறுத்திடுச்சு, பொருளாதார நிபுணர் கெயின்ஸ் வாஷிங்டன் போய் மாசக்கணக்குல பேசி 375 கோடி டாலர் கடன் வாங்கிட்டு வந்தார், வட்டி 2 சதவீதம், கடைசித் தவணை கட்டி முடிச்சது 2006 டிசம்பர்ல! கனடாவும் தனியா கடன் கொடுத்துச்சு. அப்புறம் ஐரோப்பாவை மறுபடி எழுப்ப அமெரிக்கா கொடுத்த மார்ஷல் திட்ட உதவில ஐரோப்பாவுலயே அதிகமா வாங்கினது பிரிட்டன்தான். இதெல்லாம் டாலர் தட்டுப்பாட்டைச் சமாளிக்க.

என்ஹெச்எஸ்-க்கான காசு பெரும்பாலும் வரில இருந்து. வருமான வரியோட அடிப்படை விகிதமே அப்போ 20 ஷில்லிங் பவுண்டுக்கு 9 ஷில்லிங், போர்க்கால வரியை அவங்க பெருசா இறக்கவே இல்ல. இன்னொரு விஷயம், ஆஸ்பத்திரிங்க புதுசா கட்டல. நகராட்சி நடத்தினது, தர்ம காசுல நடந்ததுன்னு ஏற்கனவே இருந்த 2,600-க்கும் மேல ஆஸ்பத்திரிகளை அரசு எடுத்துக்கிச்சு, அதுல பலது பழைய கட்டடம். 1948 ஜூலை 5-ம் தேதி மான்செஸ்டர் பக்கம் பார்க் ஆஸ்பத்திரில சுகாதார அமைச்சர் அனைரின் பெவன் தொடங்கி வச்சப்போ மாறினது ஒண்ணே ஒண்ணுதான், வாசல்ல நின்னு காசு இருக்கான்னு யாரும் கேக்க மாட்டாங்க. அந்த ஒரு மாற்றம் எவ்ளோ பெருசுன்னு, ஆஸ்பத்திரி பில்லுக்கு நகையை அடகு வச்ச எந்தக் குடும்பத்துக்கும் நான் விளக்கத் தேவையில்ல.

காசு நிறைய இருந்த காலத்துல செஞ்சதில்ல இது. கையில ஒண்ணுமே இல்லாத வருஷத்துல, இதுதான் முதல்ல வேணும்னு முடிவெடுத்துச் செஞ்சது. இதை மனசுல வச்சுக்கோங்க, 1976 பத்தின கேள்வில திரும்ப வரும்.

டாக்டருங்க எல்லாம் சந்தோஷமா சேர்ந்தாங்களா?

இல்லவே இல்ல. பிரிட்டிஷ் மெடிக்கல் அசோசியேஷன் கடைசி சில மாசம் வரைக்கும் எதிர்த்துச்சு, அவங்க நடத்துன ஓட்டெடுப்புல பெரும்பான்மை டாக்டருங்க வேண்டாம்னாங்க. பெவன் விட்டுக் கொடுத்துத்தான் முடிச்சார்: ஸ்பெஷலிஸ்டுங்க அரசு ஆஸ்பத்திரிலயே பிரைவேட் பேஷண்டும் பாத்துக்கலாம், ஊர்ல இருக்கிற ஜிபி (குடும்ப) டாக்டருங்க அரசு ஊழியர் ஆக வேண்டியதில்ல. 1951-ல பல் செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் பாதிக் கட்டணம்னு லேபர் நிதியமைச்சர் கெய்ட்ஸ்கெல் கொண்டு வந்தப்போ (கொரியா போர்ச் செலவு கழுத்தைப் பிடிச்சுது) பெவன் ராஜினாமா பண்ணிட்டார், கூடவே ஹரால்ட் வில்சனும்.

ஜெயிச்ச நாட்டுல 1954 வரைக்கும் ரேஷனா? நம்பவே முடியல

உண்மைதான். போர் நடந்தப்போ ரேஷன்ல இல்லாத பிரெட்டை 1946 ஜூலைல இருந்து ரெண்டு வருஷம் ரேஷன்ல வச்சாங்க. உலகம் முழுக்க தானியத் தட்டுப்பாடு, ஜெர்மனில பிரிட்டன் கைல இருந்த பகுதிக்கும் சோறு போடணும், டாலரும் இல்ல. 1947 ஜனவரி கடைசில ஆரம்பிச்ச பனி மார்ச் வரைக்கும் விடல, சுரங்கத்துல இருந்து நிலக்கரி நகரல, தொழிற்சாலைக்கு கரண்ட் கட், கொஞ்ச நாளைக்கு லட்சக்கணக்கான பேருக்கு வேலை இல்லாமப் போச்சு. டீ 1952-ல விட்டாங்க, மிட்டாய் 1953-ல, கடைசியா இறைச்சி 1954 ஜூலைல.

வரிசைல நின்னது பெரும்பாலும் பெண்கள்தான், அந்தக் களைப்புதான் 1950, 1951 தேர்தல்ல லேபருக்கு அடியா விழுந்துச்சு. அதே சமயம், எல்லாருக்கும் ஒரே அளவுங்கிறதால அந்த வருஷங்கள்ல ஏழைக் குழந்தைங்க சாப்பாடு 1930-களை விட நல்லாவே இருந்துச்சு. ரெண்டையும் சேர்த்துத்தான் சொல்லணும்.

நிலக்கரி, ரயில், கரண்ட் எல்லாம் நாட்டுடைமைன்னா அது கம்யூனிசம் தானே ப்ரோ?

இல்ல. பொருளாதாரத்துல சுமார் அஞ்சுல ஒரு பங்குதான் அரசு கைக்கு வந்துச்சு, மீதி எல்லாம் தனியார். பேங்க் ஆஃப் இங்கிலாந்து 1946, நிலக்கரி 1947, ரயிலும் கரண்டும் 1948, கேஸ் 1949, ஸ்டீல் 1951. பழைய முதலாளிங்களுக்கு நஷ்ட ஈடும் கொடுத்தாங்க. சுரங்க வாசல்ல 1947 ஜனவரி 1-ம் தேதி மக்கள் சார்பா இனி இதை நிலக்கரி வாரியம் நடத்தும்னு போர்டு வச்சாங்க, ஆனா உள்ள வேலை வாங்குன மேனேஜருங்க பல இடத்துல பழைய ஆளுங்கதான், தொழிலாளிக்கு நிர்வாகத்துல இடம் கிடைக்கல. இந்தக் குறை பின்னாடி பெருசாச்சு.

1951-ல சர்ச்சில் திரும்ப வந்தாரே, இதெல்லாம் கலைச்சிருக்கணுமே?

முதல்ல ஒரு விஷயம், அந்தத் தேர்தல்ல லேபருக்குத்தான் ஓட்டு அதிகம், ரெண்டு லட்சத்துக்கும் மேல. ஆனா சீட் கன்சர்வேட்டிவ் 321, லேபர் 295. தொகுதில முதல்ல வர்றவருக்கே சீட்டுங்கிற முறைல இப்படி நடக்கும், 1974 பிப்ரவரில இதே மாதிரி கன்சர்வேட்டிவுக்குத் திருப்பி நடந்துச்சு.

கலைக்காததுக்குக் காரணம், ஜனங்களுக்கு அது பிடிச்சிருந்துச்சு. ஸ்டீலையும் லாரிப் போக்குவரத்தையும் மட்டும் தனியாருக்குக் கொடுத்தாங்க. என்ஹெச்எஸ்-ல வீண்செலவு இருக்கான்னு பாக்க கில்லபாட் கமிட்டி போட்டாங்க, 1956-ல அது கொடுத்த பதில், நாட்டு வருமானத்துல அதோட பங்கு 3.75 சதவீதத்துல இருந்து 3.25-க்கு இறங்கியிருக்குங்கிறது. வீட்டுவசதி அமைச்சரா இருந்த மாக்மில்லன் வருஷத்துக்கு 3 லட்சம் வீடுன்னு சொல்லி 1953-ல அதைத் தாண்டியும் காட்டினார், அதுல பெரும்பகுதி கவுன்சில் வீடு, அதாவது உள்ளாட்சி கட்டி வாடகைக்கு விடுற வீடு. வலதுசாரி அரசு கட்டின அரசு வீடு, இதை ஞாபகம் வச்சுக்கோங்க.

பவுண்டு மதிப்பைக் குறைக்கிறதுக்கு ஏன் அவ்ளோ பயந்தாங்க? சூயஸ்க்கும் பவுண்டுக்கும் என்ன சம்பந்தம்?

பவுண்டு அப்போ உள்ளூர்ப் பணம் மட்டும் இல்ல, பல நாடுங்க தங்களோட சேமிப்பையே லண்டன்ல பவுண்டா வச்சிருந்தாங்க, போர்ல இந்தியாவுக்கு பிரிட்டன் பட்ட பெரிய கடனும் அதுல அடக்கம். மதிப்பு இறங்குனா அவங்க எல்லாரும் நஷ்டப்படணும், லண்டன் மேல நம்பிக்கை போயிடும். 1949-ல 4.03 டாலர்ல இருந்து 2.80-க்கு ஒரு தடவை இறக்குனாங்க. 1956-ல எகிப்து அதிபர் நாசர் சூயஸ் கால்வாய் கம்பெனியை நாட்டுடைமை ஆக்குனப்போ, பிரதமர் ஈடன் பிரான்ஸ், இஸ்ரேலோட ரகசியமா பேசி படை அனுப்பினார். அமெரிக்கா கோபப்பட்டு, படையை எடுக்காம ஐஎம்எஃப் (சர்வதேச நிதியம்) உதவிக்கு வழி விடமாட்டோம்னு நின்னுச்சு, பவுண்டு ஆட்டம் காண ஆரம்பிச்சதும் பிரிட்டன் பின்வாங்குச்சு. 1957 ஜனவரில ஈடன் பதவி விலகினார்.

1964-ல பிரதமரா வந்த வில்சன் மூணு வருஷம் 2.80-ஐப் பிடிச்சு வச்சுப் பாத்தார், செலவை வெட்டினார், சம்பளத்தை உறைய வச்சார், கடைசில 1967 நவம்பர்ல 2.40-க்கு இறக்கித்தான் ஆகணும்னு ஆச்சு. ஆரம்பத்துலயே இறக்கியிருந்தா தொழிற்சாலைங்களுக்கு மூச்சு விட நேரம் கிடைச்சிருக்கும்ங்கிறது என் கருத்து.

விண்ட்ரஷ்ல வந்தவங்க சட்டப்படி குடிமக்கள்தானே, அப்புறம் எப்படி 2018-ல அவங்களையே வெளிய போகச் சொன்னாங்க?

1948 ஜூன் 22-ம் தேதி டில்பரி துறைமுகத்துல இறங்கின கப்பல் எம்பயர் விண்ட்ரஷ், ஜமைக்காவுல இருந்தும் மத்த கரீபியன் தீவுகள்ல இருந்தும் நூற்றுக்கணக்கான பேர். அதே வருஷம் வந்த குடியுரிமைச் சட்டப்படி காலனில பிறந்தவங்களுக்கும் லண்டன்ல பிறந்தவங்களுக்கும் ஒரே குடியுரிமை. ஆள் பற்றாக்குறை வேற, பஸ், ரயில், ஆஸ்பத்திரி எல்லாம் இவங்க உழைப்புல ஓடுச்சு. ஆனா வாடகைக்கு வீடு கேட்டா கதவைச் சாத்துனாங்க, பிரிஸ்டல்ல பஸ் கம்பெனி கறுப்பர்களை டிரைவர், கண்டக்டரா எடுக்கவே மாட்டேன்னுச்சு, 1963-ல பால் ஸ்டீஃபன்சன் முன்ன நின்னு பஸ் புறக்கணிப்பு நடத்தித்தான் அதை உடைச்சாங்க. 1965, 1968, 1976-ன்னு இனப்பாகுபாடு தடைச் சட்டங்க படிப்படியா வந்துச்சு, முதல் சட்டத்துல வேலையும் வீடும் சேரவே இல்ல.

ஒரு பக்கம் அந்தச் சட்டம், மறுபக்கம் கதவை மூடுற சட்டம். 1962-ல வேலை அனுமதிச் சீட்டு முறை, 1968-ல கென்யாவுல இருந்த பிரிட்டிஷ் பாஸ்போர்ட் இந்தியர்களைத் தடுக்க மூணே நாள்ல பாஸ் பண்ணின சட்டம் (லேபர் அரசு பண்ணினது, அது பெரிய களங்கம்), அப்புறம் 1971 சட்டம். 1973-க்கு முன்னாடி குடியேறினவங்க இருக்கலாம்னு சொன்னாங்க, ஆனா அதுக்கு ஒரு பேப்பரும் கொடுக்கல. 2012-க்கு அப்புறம் வேலைக்கும் வாடகைக்கும் வைத்தியத்துக்கும் பேப்பர் காட்டுன்னு கெடுபிடி வந்தப்போ, குழந்தையா வந்து அம்பது வருஷம் வரி கட்டின மனுஷங்க நிரூபிக்க வழியில்லாம வேலையை இழந்தாங்க, சிலரை நாடு கடத்தவே செஞ்சாங்க. அவங்க வந்தப்போ பதிஞ்ச சீட்டுகளை 2010-ல அரசாங்கமே அழிச்சிருந்துச்சு. அது வெளிய வந்து 2018-ல உள்துறை அமைச்சர் ஆம்பர் ரட் ராஜினாமா பண்ணினார்.

இதுல நம்ம தமிழ் ஆளுங்க கதை எங்க வருது?

ரெண்டு இடத்துல. 1960-கள்ல என்ஹெச்எஸ் டாக்டர் பற்றாக்குறைல தவிச்சப்போ இந்தியா, பாகிஸ்தான், இலங்கைல இருந்து போன டாக்டருங்கதான் பல தொழில் நகரத்துல வைத்தியத்தைத் தாங்கினாங்க. அப்போ 1960 முதல் 1963 வரை சுகாதார அமைச்சரா இருந்த ஈனக் பவல்தான் 1968-ல பர்மிங்காம்ல குடியேறினவங்களுக்கு எதிரா வெறுப்புப் பேச்சு பேசி பதவி இழந்தவர். ரெண்டாவது, 1983-க்கு அப்புறம் உயிர் பிழைக்க வந்த ஈழத் தமிழர்கள். 1987 பிப்ரவரில ஹீத்ரோ விமான நிலையத்துல திருப்பி அனுப்ப விமானத்துல ஏத்தப் போனப்போ உடையைக் கழட்டிப் போராடினாங்க, நாடு முழுக்க பேச்சாச்சு. கொஞ்ச வாரத்துலயே அரசு, விசா இல்லாம ஆளை ஏத்திட்டு வர்ற விமானக் கம்பெனிக்கு ஆளுக்கு 1,000 பவுண்டு அபராதம்னு சட்டம் கொண்டு வந்துச்சு. அகதியா வர்ற வழியையே அடைக்கிற சட்டம் அது.

60-கள்ல எல்லாமே மாறிடுச்சுன்னு சொல்றாங்க, பாட்டும் டிரஸ்ஸும் தவிர என்ன மாறுச்சு?

சட்டம் மாறுச்சு. 1964-க்கு அப்புறம் யாரையும் தூக்குல போடல, 1969-ல கொலைக்குத் தூக்கு நிரந்தரமா போச்சு. 1967-ல கருக்கலைப்புச் சட்டம், அதே வருஷம் 21 வயசு தாண்டின ஆண்கள் ஓரின உறவு வச்சா குற்றம் இல்லைன்னு ஆச்சு (ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் 80-கள் வரைக்கும் இல்ல). 1969-ல விவாகரத்துச் சட்டம், ஓட்டு வயசு 18. பலதும் தனிநபர் மசோதாதான், உள்துறை அமைச்சர் ராய் ஜென்கின்ஸ் பார்லிமெண்ட்ல நேரம் ஒதுக்கிக் கொடுத்ததால பாஸாச்சு.

எனக்கு இதுல ரொம்பப் பிடிச்சது 1968-ல டாகன்ஹாம் ஃபோர்டு தொழிற்சாலைல கார் சீட் உறை தைச்ச பெண்கள் பண்ணின ஸ்ட்ரைக். தைக்கிறது திறமை வேண்டாத வேலைன்னு கீழ் கிரேடுல வச்சதை எதிர்த்து வெளிய வந்தாங்க, காரே நின்னு போச்சு. அமைச்சர் பார்பரா காசில் கூப்பிட்டுப் பேசி, 1970-ல சம ஊதியச் சட்டம் வர்றதுக்கு அதுவும் ஒரு காரணமாச்சு. அவங்க முதல்ல கேட்ட கிரேடு மட்டும் கிடைச்சது 1984-லதான்.

70-கள்ல யூனியன்காரங்கதான் நாட்டைக் கெடுத்தாங்கன்னு எங்க சார் சொல்றாரு, சரியா?

பாதி. 1973 கடைசில கச்சா எண்ணெய் விலை நாலு மடங்கு ஆச்சு, உலகம் முழுக்க விலைவாசி ஏறுச்சு. சம்பளம் விலைக்குப் பின்னாடி ஓடுறப்போ யூனியன் கேக்கத்தான் செய்யும். சுரங்கத் தொழிலாளிங்க ஓவர்டைமை நிறுத்துனதும் பிரதமர் ஹீத் 1974 ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் தொழிற்சாலைக்கு வாரத்துல மூணு நாள்தான் கரண்ட்னார், டிவி ராத்திரி பத்தரைக்கு நின்னுடும். நாட்டை ஆள்றது நாங்களா யூனியனான்னு கேட்டு தேர்தல் வச்சார், தோத்தார். 1975-ல விலைவாசி 24 சதவீதம் ஏறுச்சு. ஆனா முதலீடு பண்ணாத முதலாளிங்க, வருஷத்துக்கு ஒரு கொள்கை மாத்தின அரசுகள், இவங்களை விட்டுட்டு யூனியனை மட்டும் சொன்னா அது அரசியல் பிரசாரம்.

1976-ல பிரிட்டன் திவாலாகி ஐஎம்எஃப் கிட்ட போச்சுன்னு சொல்றது?

390 கோடி டாலர் கடன் கேட்டது நிஜம், அதுக்காக செலவை வெட்டினதும் நிஜம். திவால்ங்கிறது மிகை. கருவூலம் போட்ட பற்றாக்குறைக் கணக்கு தேவைக்கு மேல பயமுறுத்துற மாதிரி இருந்துச்சுன்னு அப்புறம் தெரிஞ்சுது, கடனை முழுசா எடுக்கவும் இல்ல, சீக்கிரமே அடைச்சுட்டாங்க. பிரதமர் காலகன் அந்த வருஷமே கட்சி மாநாட்டுல, செலவு பண்ணி மந்தத்துல இருந்து வெளிய வர்ற காலம் போச்சுன்னார். ஆக, பாதை திரும்பினது தாட்சருக்கு முன்னாடியே.

இப்போ என்ஹெச்எஸ் காசு பதிலோட சேர்த்துப் பாருங்க. நாட்டு வருமானத்தோட ஒப்பிட்டா 1945-ல கடன் இதை விடப் பல மடங்கு. அப்போ இருந்தவங்க கடனோடயே கட்டினாங்க, 1976-ல இருந்தவங்க கடனைக் காட்டி வெட்டினாங்க. நிலைமை வேற, நான் மறுக்கல, ஆனா முடிவை எடுத்தது மனுஷங்கதான்.

தாட்சர் நல்லவரா கெட்டவரா? ஒரே வரில சொல்லுங்க அண்ணா

ஒரு வரில முடியாது தம்பி. 1978-79 குளிர்காலத்துல சம்பள உயர்வு 5 சதவீதம்னு காலகன் கட்டிப் போட்டதை எதிர்த்து லாரி டிரைவர்ல இருந்து குப்பை அள்ளுறவங்க வரைக்கும் ஸ்ட்ரைக் பண்ணாங்க, நம்பிக்கை ஓட்டெடுப்புல 311-310னு ஒரே ஓட்டுல அரசு கவிழ்ந்துச்சு. 1979 மே-ல வந்த தாட்சர் வட்டியை 17 சதவீதம் வரை ஏத்தினார், விலைவாசி அடங்குச்சு, விலை என்னன்னா 1982-ல வேலையில்லாதவங்க 30 லட்சத்தைத் தாண்டினாங்க. வட இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து தொழிற்சாலை ஊருங்க அதுல இருந்து எழவே இல்ல. வட கடல்ல எண்ணெய் கொட்டின அதிர்ஷ்டம் அந்த ஊருங்களுக்குப் போகல, வரிக்குறைப்புக்கும் வேலையில்லாதவங்களுக்குக் கொடுத்த உதவித்தொகைக்கும் கரைஞ்சுது. அதிகபட்ச வருமான வரி 83-ல இருந்து 1988-ல 40 சதவீதமாச்சு, ஏற்றத்தாழ்வு வேகமா ஏறுச்சு. என் தீர்ப்பு தெரியணும்னா இதுவே போதும்.

ஜனங்க ஆதரவு இருந்ததாலதானே மூணு தடவை ஜெயிச்சாங்கன்னு கேப்பீங்க. மேல 1951-க்கு சொன்ன தேர்தல் முறையையும் பாருங்க: 1983-ல கன்சர்வேட்டிவுக்கு 42 சதவீத ஓட்டுல 397 சீட், லிபரல்-எஸ்டிபி (லேபர்ல இருந்து பிரிஞ்சவங்க கட்சி) கூட்டணிக்கு 25 சதவீத ஓட்டுல 23 சீட்.

1984 சுரங்க ஸ்ட்ரைக் ஒரு வருஷம் நடந்தும் ஏன் தோத்துச்சு?

அரசு தயாரா இருந்துச்சு. 1981-ல ஒரு தடவை பின்வாங்கின தாட்சர், அதுக்கப்புறம் கரண்ட் ஸ்டேஷன்கள்ல நிலக்கரியை மலையா குவிச்சு வச்சார். 20 சுரங்கத்தை மூடப் போறதா மார்ச்சுல அறிவிச்சாங்க, குளிர் முடியற நேரம். யூனியன் தலைவர் ஆர்தர் ஸ்கார்கில் நாடு தழுவின ஓட்டெடுப்பு வைக்கல, அதனால நாட்டிங்காம்ஷயர்ல பெரும்பாலானவங்க வேலைக்குப் போனாங்க. ஜூன் 18-ல ஆர்க்ரீவ்ல மறியல் பண்ணின தொழிலாளிங்களை குதிரைப் போலீஸ் அடிச்ச அடி இன்னும் ஆறாத புண். 1985 மார்ச்சுல பேண்டு வாத்தியத்தோட, கொடியோட ஊர்வலமா வேலைக்குத் திரும்பினாங்க.

அப்போ சுமார் 170 சுரங்கம், கடைசி ஆழ்சுரங்கம் கெல்லிங்லி 2015-ல மூடுச்சு. நிலக்கரி எப்படியும் போயிருக்கும், சுற்றுச்சூழலுக்கும் அது நல்லதுதான். ஆனா அந்த ஊருங்களுக்கு வேற வேலை ஏற்பாடு பண்ணிட்டு மூடுறது ஒண்ணு, எதிரியைத் தோக்கடிக்கிற மாதிரி மூடுறது வேற. நடந்தது ரெண்டாவது.

கவுன்சில் வீட்டை குடியிருந்தவங்களுக்கே வித்தது ஏழைக்கு நல்லதுதானே?

வாங்கினவங்களுக்கு ரொம்ப நல்லது, அதை நான் குறை சொல்லவே மாட்டேன். 1980 சட்டப்படி மூணுல ஒரு பங்கிலிருந்து பாதி வரைக்கும் தள்ளுபடி. தப்பு எங்கன்னா, வித்த காசை வச்சுப் புது வீடு கட்டுறதுக்கு கவுன்சிலுங்களுக்குக் கட்டுப்பாடு போட்டாங்க. 1953-ல கன்சர்வேட்டிவ் அரசே கட்டிக் குவிச்சதைச் சொன்னேன்ல, அந்த வீடுங்க போச்சு, பதிலுக்கு வரல. அதுல பலது இப்போ தனியார் வாடகை வீடு, சில கவுன்சில் தான் வித்த வீட்டுக்கே வாடகை உதவி கொடுக்குது. ஸ்காட்லாந்து 2016-லயும் வேல்ஸ் 2019-லயும் இந்த விற்பனையை நிறுத்திட்டாங்க.

அவ்ளோ பலமான தாட்சரை சொந்தக் கட்சியே ஏன் இறக்குச்சு?

போல் டாக்ஸ். வீட்டு மதிப்புக்குப் பதிலா தலைக்கு இவ்ளோன்னு உள்ளாட்சி வரி, கோடீஸ்வரனும் குப்பை அள்ளுறவரும் ஒரே தொகை. ஸ்காட்லாந்துல 1989, இங்கிலாந்துல 1990, மார்ச் 31-ல லண்டன் டிராஃபால்கர் சதுக்கத்துல கலவரம். அதோட ஐரோப்பா விஷயத்துல துணைப் பிரதமர் ஜெஃப்ரி ஹவ் ராஜினாமா, கட்சித் தலைமைக்கு ஹெசல்டைன் போட்டி, முதல் சுற்றுல தேவையானதுக்கு நாலு ஓட்டு குறைஞ்சுது, நவம்பர் 22-ல விலகுறதா அறிவிச்சார்.

1997-ல லேபருக்கு 418 சீட், அப்போ ஏன் பழையபடி மாத்தல?

மாத்த மாட்டோம்னு சொல்லித்தான் ஜெயிச்சாங்க. பொது உடைமைன்னு இருந்த கட்சி விதி நாலை பிளேர் 1995-லயே மாத்திட்டார். குறைந்தபட்ச ஊதியம் (1999-ல மணிக்கு 3.60 பவுண்டு), ஸ்காட்லாந்து பார்லிமெண்ட், வட அயர்லாந்து அமைதி ஒப்பந்தம் எல்லாம் பெரிய வேலைங்க. என்ஹெச்எஸ்-க்கு நிறைய பணம் போட்டாங்க. ஆனா வித்ததை வாங்கல, கவுன்சில் வீடும் பெருசா கட்டல. ரயில்தான் விதிவிலக்கு: தண்டவாளம் வச்சிருந்த ரயில்ட்ராக் 2001-ல நொடிஞ்சு, அரசு ஆதரவுல நெட்வொர்க் ரயில் வந்துச்சு, 2025-ல இருந்து ரயில் சேவைகளும் ஒவ்வொண்ணா அரசு கைக்குத் திரும்புது.

அப்போ சுரங்கம் மூடினதுதான் பிரெக்ஸிட்டுக்குக் காரணமா?

நேரா அப்படிச் சொல்ல முடியாது. இங்கிலாந்து, வேல்ஸ் சுரங்க ஊருங்க பலது 2016-ல ஐரோப்பிய யூனியன்ல இருந்து வெளியேறணும்னு பலமா ஓட்டுப் போட்டுச்சு, பார்ன்ஸ்லில 68 சதவீதம். நாடு முழுக்க 51.9. ஆனா ஸ்காட்லாந்துலயும் சுரங்கம் இருந்துச்சு, அதே வருஷங்கள்ல மூடுச்சு, அங்க 32 கவுன்சில் பகுதியும், பழைய சுரங்கப் பகுதியான ஃபைஃப் உட்பட, இருக்கணும்னுதான் ஓட்டுப் போட்டுச்சு. ஒரே அடி பட்டும் அங்க கோபம் லண்டன் மேல திரும்பி ஸ்காட்டிஷ் தேசியக் கட்சிக்குப் போச்சு, இங்கிலாந்து, வேல்ஸ்ல ஐரோப்பிய யூனியன் தலைமையகமான பிரஸ்ஸல்ஸ் மேல திரும்புச்சு. அந்தந்த ஊர்ல எந்தக் கட்சி வந்து என்ன சொல்லுச்சுங்கிறதுல நிறைய இருக்கு, அதைப் படிக்காம பொருளாதாரத்தை மட்டும் வச்சு பதில் எழுதாதீங்க.